என் கருவி பார்க்காத புகை: டீசல் கார் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி–கடலூர் சாலையில் டீசல் கார் ஓட்டும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. அரியாங்குப்பம் தாண்டிக் கடலூர் போகும் சாலையில், ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக, தகரக் கூரைக்கு அடியில் புகைப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவன் நான். டீசல் இந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்று முள்ளோடை எல்லையைக் கடந்து வந்து டேங்கை நிரப்பிக்கொள்ளும் கடலூர்க்காரர்கள், அப்படியே என்னிடமும் எட்டிப் பார்ப்பார்கள். "அண்ணே, புகைச் சான்று முடிந்துவிட்டது, ஒன்று போட்டுக் கொடுங்கள்." போட்டுக் கொடுங்கள் என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் சொல். சோதித்துச் சொல்லுங்கள் என்று இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் யாராவது கேட்டிருந்தால் எனக்கு நினைவில்லை.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்தார். 2013-ஆம் ஆண்டு டீசல் கார், மூன்றாம் கை. கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை. கருவியின் குழாயை சைலன்ஸருக்குள் செருகி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து விடச் சொன்னேன். நாலைந்து முறை மிதித்தார். திரையில் வந்த எண் 16. அந்த வகைக் காருக்கு வரம்பு 50. பன்னிரண்டு வயதுக் கிழவனுக்கு இத்தனை சுத்தமான மூச்சா என்று வியந்தே சொல்லிவிட்டேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "மெக்கானிக் ஈ.ஜி.ஆர். வால்வை அடைத்துவிட்டார் அண்ணே. இழுவை பிரமாதமாக இருக்கிறது, மைலேஜும் ஒன்றரை கூடியிருக்கிறது" என்றார்.

சான்றை அச்சடித்துக் கொடுத்தேன். காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த 16 எனக்கு நினைவூட்டியது வேறு ஒருவரின் 32-ஐ. அதைச் சொல்லத்தான் இந்த மடல்; அதற்குப் பத்தாண்டு பின்னால் போக வேண்டும்.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு விதிமீறல் அறிவிக்கை அனுப்பியது. அந்த நாட்டில் விற்ற ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்களுக்குள் ஒரு மென்பொருள் ஒளிந்திருந்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் கார் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். சாலையில் இறங்கியதும் கட்டுப்பாட்டைக் கைவிட்டுவிடும். அப்போது வெளியேறிய நைட்ரஜன் ஆக்சைடுகள், அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை. சில நாட்களில் நிறுவனமே ஒப்புக்கொண்டது: உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள். ஐந்தே நாளில் அதன் தலைவர் மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார்.

சோதனை நடக்கிறது என்று காருக்கு எப்படித் தெரியும் என்று அன்று என்னைக் கேட்காதவர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுழலும், ஸ்டியரிங் திரும்பாது. வேகம் ஏறுவதும் இறங்குவதும் எழுதிவைத்த கால அட்டவணைப்படி நடக்கும். இதையெல்லாம் மென்பொருள் மோப்பம் பிடித்துவிடும். நம் கடலூர் சாலையில் ஸ்டியரிங்கை அசைக்காமல் இருபது நிமிடம் ஓட்டியவர் யாராவது உண்டா? தவளக்குப்பத்தில் ஒரு மாடு போதும். ஆகவே ஸ்டியரிங் அசையவில்லை என்றால் அது சோதனைக்கூடம்தான். இதைக் கண்டுபிடித்த மூளை நல்ல வேலைக்குப் போயிருக்கலாம்.

என் நிலையத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. அந்த ஆண்டு தீபாவளி வரை அவற்றில் உட்கார்ந்தவர்கள் வேறு பேச்சுப் பேசவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா பெரியவர் ஒருவர், "பிரெஞ்சுக்காரன் செய்தான் என்றால் நம்புவேன். ஜெர்மன்காரன் செய்திருக்க மாட்டான். இது அமெரிக்கன் கட்டிய கதை" என்று அடித்துச் சொன்னார். பாவம், அவரது பென்ஷன் வந்ததே பிரான்சில் இருந்துதான். மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போய்வரும் வழக்கறிஞர் ஒருவர், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் சமரசம் ஏற்பட்டபோது செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்தார். அங்கே காரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள், மோசடி வெளியாவதற்கு முன்பிருந்த விலைக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு உரிமையாளருக்கும் 5,100 முதல் 10,000 டாலர் வரை ரொக்கம். "நாமும் வழக்குப் போடுவோம்" என்றார். பிறகு மறுவிற்பனை விலை விழுவதற்குள் தன் காரை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வாங்கியவரிடம் இதைச் சொன்னாரா என்பதை அவரது மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

ஆனால் என் மனதில் ஒட்டிக்கொண்டது பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் சொன்னது. அவர் ஒளிவுமறைவு இல்லாதவர். "என் வண்டி லிட்டருக்கு இருபது கொடுக்கிறது. புகை பின்னால் போகிறது, நான் முன்னால் போகிறேன். எனக்கென்ன நஷ்டம்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மற்றவர்கள் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் நேராகச் சொன்னார், அவ்வளவுதான். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து கோபப்பட்டவர்களின் கோபம் எல்லாம் விலையைப் பற்றியது, மைலேஜைப் பற்றியது, இல்லாவிட்டால் ஜெர்மன்காரன்மேல் வைத்திருந்த பக்தி போனதைப் பற்றியது.

ஒருவரைத் தவிர. அவர் குழந்தை மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் கடலூரில் பார்க்கிறார், மற்ற நாட்களில் புதுச்சேரியில். அதிகம் பேசமாட்டார். சான்றைக் கையில் வாங்கிய பிறகு அதைப் பார்த்தபடியே நின்றார். "இவர்கள் சொல்லும் அந்த வாயுவை உங்கள் இயந்திரம் காட்டுமா?" என்று கேட்டார். "காட்டும் அம்மா. உங்கள் வண்டிக்கு 32-தான், பயமே இல்லை" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

காட்டாது. என் இயந்திரத்துக்கு அந்த வாயுவைப் பார்க்கும் கண்ணே கிடையாது. சரியான கேள்வியைக் கேட்ட ஒரே வாடிக்கையாளருக்கு நான் தவறான பதில் சொல்லி அனுப்பினேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. தெரியாமலேயே, தெரிந்தவன் போல் சொன்னேன்.

டீசல் காருக்கு நான் வைத்திருப்பது புகைமானி. குழாயில் இழுத்த புகைக்குள் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சும். மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். புகை எத்தனை கறுப்போ அத்தனை எண். ஹார்ட்ரிஜ் அலகு என்று பெயர். பி.எஸ். 4 என்ற மாசு விதிப்படி வந்த காருக்கு 50, அதற்கு முந்தைய வண்டிக்கு 65 வரை போகலாம். அது கரியை மட்டும்தான் அளக்கிறது. நைட்ரிக் ஆக்சைடுக்கு நிறமே இல்லை. வரம்பைப் போல் நாற்பது மடங்கு அது வெளியேறினாலும் என் திரையில் ஓர் எண்கூடக் கூடாது. அதுவும் கார் நின்ற இடத்தில், கியரில் இல்லாமல், சுமை இழுக்காமல் உறுமும்போது எடுக்கும் கணக்கு அது. அந்த வாயு அதிகம் பிறப்பதோ சுமையோடு ஓடும்போது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது என் அம்மாவின் விறகடுப்பு. ஈர விறகு புகைந்தால் ஊதுகுழலை எடுத்து ஊதுவார். காற்று உள்ளே போனதும் புகை அடங்கும், நெருப்பு வெள்ளையாக எழும்பும், சூடு ஏறும். டீசல் எஞ்சினும் அப்படித்தான். காற்று தாராளமாகப் போய் நன்றாக எரிந்தால் கரி குறையும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கும். இதைத் தடுக்க வைத்ததுதான் ஈ.ஜி.ஆர். வால்வு. எஞ்சின் விட்ட மூச்சில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளேயே அனுப்பி, நெருப்பின் சூட்டைத் தணிக்கும். நைட்ரஜன் ஆக்சைடு குறையும், பதிலுக்குக் கரி கொஞ்சம் கூடும், வால்விலும் குழாய்களிலும் படியும். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். இரண்டையும் சேர்த்து அடக்கச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஜெர்மனியில் மென்பொருள் எழுதினார்கள்.

இப்போது அந்தத் தம்பியின் 16-ஐப் பாருங்கள். மெக்கானிக் வால்வை ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டார். கரி குறைந்தது, இழுவை கூடியது, என் கருவி கைதட்டியது. அதே நேரத்தில் அந்தக் கார் கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கட்டுப்பாடில்லாமல் கக்கிக்கொண்டு கடலூர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. வால்வை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு என்னிடம் குறைந்த மதிப்பெண், அடைத்தவருக்கு முதல் மதிப்பெண். கோடிக்கணக்கில் செலவழித்து வோக்ஸ்வாகன் பொறியாளர்கள் செய்ததை, நம் ஊரில் ஒரு தகடும் இரண்டு போல்ட்டும் செய்துவிடுகின்றன. மென்பொருளே வேண்டாம், ஏனென்றால் ஏமாற்ற வேண்டிய சோதனையே இங்கு இல்லை.

அமெரிக்க உரிமையாளர்களின் கோபம் வேறு மாதிரி இருந்தது. அங்கே அந்தக் கார்களைச் "சுத்தமான டீசல்" என்று சொல்லி விற்றார்கள். 2009-ஆம் ஆண்டுக்கான 'பசுமைக் கார்' விருது வோக்ஸ்வாகனின் ஜெட்டா டி.டி.ஐ.-க்கும், அதற்கடுத்த ஆண்டு அதே குழுமத்தின் ஆடி ஏ3 டி.டி.ஐ.-க்கும் கிடைத்தன; 2015-இல் இரண்டு விருதுகளும் பறிபோயின. சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள், தங்களையே ஊர்க்காற்றைக் கெடுக்கும் கருவியாக்கிவிட்டார்கள் என்று கொதித்தார்கள். அதிலும் கொஞ்சம் சுயபெருமை கலந்திருந்தது என்று எனக்குத் தோன்றும். இருந்தாலும், புகை யார் மூக்குக்குள் போனது என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. நம் நாற்காலிப் பேச்சில் அந்த மூக்கு வரவே இல்லை.

அந்த மூக்குகள் எங்கோ இல்லை. அரியாங்குப்பம் சாலையோரம் கூடையை இறக்கி மீன் விற்கும் அம்மாக்கள். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் சிவப்புத் தொப்பியோடு நாள் முழுக்க நிற்கும் காவலர். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும், ஆஸ்துமாவைக் கிளறும். வெயில் பட்டால் தரைமட்ட ஓசோன் உண்டாகவும் காரணமாகும். வெயிலுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்! குழந்தை மருத்துவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

இந்தியாவில் நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ஆய்வு நிறுவனம் வோக்ஸ்வாகன் கார்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, பி.எஸ். 4 வரம்பைப் போல் 1.1 முதல் 2.6 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகள் வந்தன. 2015 டிசம்பர் 1 அன்று 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது: வோக்ஸ்வாகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. எல்லாம் இ.ஏ. 189 வகை எஞ்சின்கள். ஆனால் இது தாமாக முன்வந்து செய்வது, இந்தியச் சட்டம் எதையும் மீறவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. வரம்பு என்பது சோதனைக்கூடத்துக்குத்தான், சாலைக்கு அப்போது வரம்பே எழுதப்படவில்லை என்ற வாதம். சட்டத்தின் ஓட்டை வழியாக வெளிச்சம் வருமளவுக்குப் பெரிய வாதம்.

வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நிபுணர் குழு ஒன்று டெல்லியை அடிப்படையாக வைத்து உடல்நலச் சேதத்தை 171.34 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அரியாங்குப்பத்தின் மூச்சுக்கு யாரும் விலை போட்டுப் பார்க்கவில்லை. 2019 ஜனவரியில், இடைக்காலத் தொகை 100 கோடியை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் சொத்துகளைப் பறிமுதல் செய்யவும் நேரிடும் என்று தீர்ப்பாயம் எச்சரித்தது. மார்ச் 7 அன்று 500 கோடி அபராதம் விதித்தது. மே மாதம், நிறுவனத்தின் மேல் கட்டாய நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இத்தனைக்கும் நடுவில் உரிமையாளர் கைக்கு வந்தது ஒரு மென்பொருள் மாற்றம். ஜெர்மானியருக்கும் முதலில் அதுதான் கிடைத்தது. நஷ்டஈடு கேட்கலாம் என்று அவர்களது உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 மே மாதம் ஆயிற்று. அதிலும் ஓட்டிய கிலோமீட்டருக்குக் கழித்துக்கொண்டார்கள்.

அந்த மென்பொருள் மாற்றத்துக்குப் போன நம்மவர் எத்தனை பேர்? எண்ணிக்கை என்னிடம் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அழைப்புக் கடிதம் காரின் முன்பெட்டிக்குள் பழைய கல்யாணப் பத்திரிகையோடு கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். "போனால் மைலேஜ் குறைந்துவிடும் அண்ணே, தெரிந்தவர் சொன்னார்" என்று அதை எடுத்துக் காட்டிச் சிரித்தார் ஒருவர். ஏமாற்றிய கம்பெனியைத் திட்டிவிட்டு, அந்த ஏமாற்றில் தனக்குக் கிடைத்த பங்கைத் திருப்பித் தர மறுத்தார். அவர் மேல் கல்லெறிய எனக்கு யோக்கியதை இல்லை. கார் வராமலேயே, வண்டி எண்ணை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்துச் சான்று கேட்ட நாட்கள் இருந்தன. நானும் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர், தெரிந்தவரின் மச்சான், பங்கு முதலாளியின் சம்பந்தி. இப்போது புகைப்படத்தோடு இணையத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால் அந்தப் பாவம் குறைந்திருக்கிறது. என் திருந்தலால் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோதனைக்கு ஒரு முகம், சாலைக்கு ஒரு முகம் என்பது ஜெர்மனியில் பிறந்த தந்திரமும் அல்ல. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2013-இல், ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1,14,000 டவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகை அளவு குறைவாக வரும் எஞ்சின்களாகப் பொறுக்கி எடுத்து, அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது அந்த எஞ்சின் பூட்டிய வண்டிகளைக் காட்டியிருந்தார்கள். டவேரா நம் ஊர் டிராவல்ஸ்காரர்களின் செல்லப் பிள்ளை. திருநள்ளாற்றுக்கும் வேளாங்கண்ணிக்கும் அதில் போகாதவர் இங்கு யார்? அந்தச் செய்தி என் நாற்காலிகளில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

இதற்கும் மேலாக, கடலூர்க்காரர்களான உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அதிகாரி வரும் நாளில் வாடை இருக்காது, நடு இரவில் மூக்கைத் துளைக்கும் என்பது சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்து ஊர்க்காரர்களின் நெடுநாள் புகார். 2004-ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, வாடை அடிக்கும் நேரத்தில் அந்தக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் எந்த வாடை என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். நச்சு வாயுக்களின் பெயர்கள் பட்டியலாக வந்தன. படித்த நாமெல்லாம் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த ஊர்களைக் கடந்துகொண்டிருந்த காலத்தில், காற்றை அது நாறும் இடத்திலேயே அளக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதும் அதே வாளி வேலையால்தான். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு, சிறு நிதியை வைத்துக்கொண்டு, அளக்கும் கருவியைக் காரின் டிக்கியில் ஏற்றிச் சாலையில் ஓட்டியது. மூன்று கார்கள். ஒரு பாசாட் காரை லாஸ் ஏஞ்சலஸில் இருந்து சியாட்டில் வரை ஓட்டிப் போனார்கள். பி.எம்.டபிள்யூ ஒன்று பெரும்பாலும் ஒழுங்காக நடந்துகொண்டது. ஜெட்டா வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு கக்கியது. முதலில் தங்கள் கருவியில்தான் கோளாறு என்று அவர்கள் சந்தேகப்பட்டார்களாம். 2014 மே மாதம் முடிவு வெளியானது. நிறுவனம் ஒரு வருடத்துக்கும் மேல் ஏதேதோ தொழில்நுட்பக் காரணம் சொல்லி இழுத்தது. புதிய மாடல்களுக்கு அனுமதி தரமாட்டோம் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடித்த பிறகுதான் வாயைத் திறந்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று ஒரு பெயர் இருந்தது. செய்தியில் அதைப் பார்த்ததும் உரத்துப் படித்துக் காட்டினேன், ஏதோ என் தம்பி மகன் போல.

இன்று புதிய கார்களுக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பி.எஸ். 6-இன் இரண்டாம் கட்டத்தில், கார்கள் சாலையில் ஓடும்போதும் வரம்புக்குள் இருக்க வேண்டும். டீசல் காருக்கு பி.எஸ். 4-இல் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, பி.எஸ். 6-இல் 80 ஆகிவிட்டது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், சூழலுக்குக் கேடு செய்யும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரமும் மத்திய அரசுக்கு வந்துவிட்டது. நல்லது. ஆனால் அவையெல்லாம் புதிய வண்டிக்கும் கம்பெனிக்கும். நம் சாலையில் ஓடுவது பழைய வண்டி. அதைச் சோதிக்க இன்னும் என் தகரக் கூரைதான், அதே வெளிச்சம் பாய்ச்சும் கருவிதான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. வால்வில் கரி படிந்து அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்; தகடு வைத்து அடைக்கச் சொல்லாதீர்கள். மெக்கானிக் தானாகவே அடைத்துவிட்டு அதை ஒரு சலுகை போலச் சொல்வார், காது கொடுக்காதீர்கள். இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கியவர்கள், சேஸிஸ் எண்ணைச் சொல்லி இந்த வண்டிக்கு ஏதாவது திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மென்பொருளில் கை வைத்தால் என்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மைலேஜ் அரை கிலோமீட்டர் குறையலாம். குறையட்டும். அந்த அரை கிலோமீட்டர் முதலிலிருந்தே நம்முடையது அல்ல, மீன்கூடைக்காரம்மாவின் மூச்சில் இருந்து எடுத்தது.

அதோடு, சாலை வரி குறைவு என்று இங்கே வந்து பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவெண் வாங்கவும், டீசல் விலை இரண்டு ரூபாய் ஏறினால் பங்கில் நின்று சண்டை போடவும் தெரிந்த நாம், ஓடும் வண்டியின் நைட்ரஜன் ஆக்சைடையும் அளக்கும் கருவியை என்னைப் போன்ற நிலையங்களில் வை என்று ஒருமுறைகூட யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் முதல் செலவு எனக்குத்தான் வரும், கருவி வாங்க வேண்டும். இருந்தும் கேளுங்கள் என்கிறேன். மனுவில் என் கையெழுத்தும் இருக்கும்.

குழந்தை மருத்துவரைத் தேடிப் போய்ப் பத்தாண்டுக்குப் பிறகு திருத்தம் சொன்னேன். அவருக்கு என்னை நினைவில்லை, கேள்வி மட்டும் நினைவிருந்தது. "அப்போதே சந்தேகம்தான்" என்று சிரித்தார். அந்தக் காரை எப்போதோ கொடுத்துவிட்டாராம்.

தம்பியையும் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபித்துக்கொண்டார்; சான்று கொடுத்த பிறகு இதென்ன புதுக் கதை என்றார். நியாயமான கோபம். பதினைந்து நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் வந்து காரை நிறுத்தினார். பையிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியாகிவிட்டது, மெக்கானிக் திட்டிக்கொண்டே செய்தாராம். "ஒருமுறை வைத்துப் பாருங்கள் அண்ணே, காசு தருகிறேன்" என்றார். சான்று தேவையில்லை, அது இன்னும் பத்து மாதம் செல்லும். குழாயைச் செருகினேன். மிதித்தார்.

திரையில் 29 வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். காசு வாங்கவில்லை. தகடு என் மேசையில்தான் இருக்கிறது, இரசீதுகள் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். வரும்போது பாருங்கள்.

இப்படிக்கு,
கடலூர் சாலைப் புகைப் பரிசோதனைக்காரன்